அம்மா சொன்னது ஆதாரமா?

"அம்மா சொன்னாங்க, பாட்டி சொன்னாங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. இதெல்லாம் ஆதாரமாம்மா?"

புறத்தேர்வாளர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கடுமையான மனிதர் அல்லர். முதுகலை இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வு அது. என் மாணவி துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி நின்றுகொண்டிருந்தாள். நெறியாளர் என்ற முறையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பீடி சுற்றும் குடும்பங்களில் பெண்களின் கணக்கில் வராத உழைப்பு என்பது அவள் தலைப்பு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 11 பெண்களிடம் பேசி எழுதியிருந்தாள். அவர்களில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

"எழுத்துல ஏதாவது இருக்கா? புத்தகம், ஜர்னல், ஐ.நா. அறிக்கை, அந்த மாதிரி?"

அவள் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உலகின் உழைப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது, உலக வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் அவர்களுக்குக் கிடைக்கிறது, சொத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அவர்கள் பெயரில் இல்லை என்று அங்கே இருந்தது. கீழே ஐக்கிய நாடுகள் அவையின் பெயரோடு ஓர் அடிக்குறிப்பு. அவர் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா, இந்த மாதிரி இன்னும் நாலு சேத்திருந்தா கட்டுரைக்கு கனம் வந்திருக்கும்."

அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. நான் வாய் திறக்கவில்லை. புறத்தேர்வாளரோடு விவாதித்தால் மாணவிக்குத்தான் நட்டம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம். அப்படிச் சொல்லித்தான் அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் துறை அறைக்கு வந்தாள். "மேம், அந்த மூணுல ரெண்டு பங்கு எங்கேருந்து வந்தது? அம்மா சொன்னத நீங்க என்னை எத்தன தடவ சரிபாக்கச் சொன்னீங்க. அவரும் அதத்தான் கேட்டாரு. அந்த வரிய மட்டும் யாருமே கேக்கலையே."

அந்த வரி என்னிடமிருந்து வந்தது. பெண்ணியம் அறிமுகம் என்ற பாடத்தின் முதல் வகுப்பில் நான் திரையில் காட்டும் முதல் படமே அதுதான். ஆண்டுதோறும் அதைப் படித்ததும் வகுப்பு அமைதியாகும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. எங்கேருந்து வந்தது என்று நானும் கேட்டதில்லை.

தேடிப் பார்க்க ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. 1980இல் கோபன்ஹேகனில் ஐ.நா.வின் பெண்கள் மாநாடு நடந்தது. அதன் ஆவணத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1978இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட 'விமென் அட் வொர்க்' என்ற இதழில் இருக்கிறது. அதன் ஆசிரியராக இருந்தவர் இந்தியாவைச் சேர்ந்த கிருஷ்ணா அகுஜா பட்டேல். அன்று கையில் கிடைத்த தரவுகளோடு சில அனுமானங்களைச் சேர்த்துப் போட்ட மதிப்பீடு அது என்று 2007இல் வெளிவந்த தன் நூலில் அவரே விளக்கியிருக்கிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் பிலிப் கோஹன் இந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். 1978இல் உலகம் முழுவதற்குமான வீட்டு உழைப்புக் கணக்கெடுப்பு கிடையாது. உலகத்துச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று ஆண், பெண் பிரித்துச் சொல்லும் கணக்கும் கிடையாது.

அவர் மீது எனக்குக் குறையில்லை. பெண்களின் உழைப்பு என்று ஒன்று இருப்பதையே அரசுகள் ஒப்புக்கொள்ளாத காலம் அது. அவர்கள் முன்னால் வைக்க ஓர் எண் தேவைப்பட்டிருக்கும். மதிப்பீடு என்ற சொல்லை உருவிவிட்டு, ஆண்டையும் அழித்துவிட்டு, நேற்று எடுத்த கணக்குபோல 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். மகளிர் தினச் சுவரொட்டியில், பட்டிமன்றத்தில், ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், என் வகுப்புத் திரையில்.

இத்தனைக்கும் சான்றுகளை மதிப்பிடுவது எப்படி என்று நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். உலகமெங்கும் கல்லூரி நூலகங்களில் கற்பிக்கப்படும் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் உருவாக்கியது. காலம், பொருத்தம், அதிகாரம், துல்லியம், நோக்கம். மாணவர்கள் மறக்காமல் இருக்கட்டும் என்று, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் குப்பையைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்று வரும்படி அமைத்திருந்தார். எப்போது எழுதப்பட்டது, நம் கேள்விக்குப் பொருந்துகிறதா, எழுதியவருக்கு என்ன தகுதி, சொல்வதற்கு ஆதாரம் காட்டுகிறாரா, எதற்காக எழுதுகிறார். நல்ல கேள்விகள்தான். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டும் முதலாண்டு மாணவியைச் சற்று நிறுத்தி யோசிக்கவைக்கும்.

என் படத்திலிருந்த அந்த வரியை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தேன். காலம்? போன ஆண்டு வந்த கட்டுரையிலும் அந்த எண் இருக்கிறது, ஆகவே புதியது. பொருத்தம்? கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதிகாரம்? ஐ.நா. அதற்கு மேல் யாரைக் கேட்பது. துல்லியம்? அடிக்குறிப்பு இருக்கிறது, வேறு பத்து இடங்களிலும் அதே எண் வருகிறது. நோக்கம்? பெண்களின் நலன். ஐந்திலும் தேறிவிட்டது.

பத்து இடங்களில் வருவதால் அது பத்துச் சான்றாகிவிடாது என்பதை அந்தப் பட்டியல் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் ஒரு வதந்தியைப் பத்துப் பேர் சொல்லக் கேட்டால், இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது என்று என் பாட்டி கேட்பாள். அச்சில் வந்துவிட்டால் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. நம் நாட்டில் அச்சில் வருவது எப்படி நடந்தது என்பதும் தெரிந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வாளர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்றன. பணம் கட்டினால் சில நாட்களில் போட்டுத் தரும் இதழ்கள் அந்தத் தேவையில் கொழுத்தன. அவற்றை வடிகட்ட மானியக் குழு கொண்டுவந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆய்விதழில் வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இனி எதையும் நம்ப முடியாது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் நடத்திய ஆய்வு ஒன்று இங்கே உதவும். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரை இணையப் பக்கங்களின் முன் உட்காரவைத்து, எதை நம்புகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாணவர்கள் மட்டுமின்றி வரலாற்றாசிரியர்களில் பலரும் பக்கத்தின் தோற்றம், நிறுவனத்தின் பெயர், அடிக்குறிப்புகள் இவற்றைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரம் செலவிடவே இல்லை. அதை விட்டு வெளியே வந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அக்கம்பக்கம் விசாரித்தார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் முறுக்கு எப்படி இருந்தது என்பதைவிட, தெருமுனைக் கடைக்காரர் அந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

அடுத்து, என் மாணவியின் அம்மா சொன்னதை அதே பட்டியலில் வைத்தேன். காலத்திலும் பொருத்தத்திலும் தேறுகிறாள். அதிகாரத்தில் விழுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். துல்லியத்தில் விழுகிறாள். அடிக்குறிப்பு கிடையாது. நோக்கத்திலும் சந்தேகம். மகளுடைய படிப்புக்காகப் பேசுகிறாள், தன் கதையையே பேசுகிறாள்.

அதிகாரம் என்ற கேள்வியில்தான் எனக்குப் பெரிய வழக்கு. எழுதியவருக்கு என்ன பட்டம், எந்த நிறுவனம் என்று கேட்கும்போது, யாரையெல்லாம் நிறுவனங்கள் உள்ளே விட்டன என்ற பழைய கணக்கையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம். 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றிய வரைவுக் கட்டுரை ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. அவரைப் பற்றி நம்பகமான இரண்டாம்நிலைச் சான்றுகள் போதிய அளவில் காட்டப்படவில்லை என்பது காரணம். அதே அக்டோபரில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குக் காரணமான கட்டுரை 1985இல் வெளிவந்தது. திருப்பி அனுப்பியவர் விதியை மீறவில்லை, விதிப்படியே நடந்தார். பெண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை, எழுதாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் எழுத முடியாது. நோபல் பரிசு பெறப்போகும் பேராசிரியைக்கே இந்தச் சுழல் என்றால், பீடித் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் எந்த அடிக்குறிப்பில் ஏறுவாள்?

அரசு அறிக்கை இருக்கிறதா என்று புறத்தேர்வாளர் கேட்டாரே. அதையும் பார்ப்போம். பட்டியலில் முழு மதிப்பெண் வாங்குவது அரசுப் புள்ளிவிவரம்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களை எங்கே வைத்தது தெரியுமா? பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைக் கைதிகள் ஆகியோரோடு சேர்த்து, உற்பத்தியில் ஈடுபடாதவர்கள் என்ற வகையில். 2010இல் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இறந்துபோன இல்லத்தரசியின் உயிருக்கு எவ்வளவு இழப்பீடு என்பது வழக்கு. சம்பாதிக்காத துணையின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்துக் கணக்கிடுவது மோட்டார் வாகனச் சட்ட அட்டவணையில் இருந்த முறை. மனைவி செய்யும் அதே சமையல், அதே துவையல், அதே பிள்ளை வளர்ப்பு. கணவர் எழுத்தராக இருந்தால் ஒரு விலை, மேலாளராக இருந்தால் வேறு விலை.

தேசிய மாதிரி ஆய்வில் 93 என்று ஒரு குறியீடு இருக்கிறது. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், மாட்டுக்குத் தீவனம் சேகரித்தல், வீட்டு உபயோகத்துக்காகத் தையல், நெசவு இவற்றையும் செய்பவர் அதில் வருவார். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. இரண்டுமே உழைப்புப் படைக்கு வெளியேதான். ஒருத்தி என்னென்ன வேலை செய்கிறாள் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, இவள் வேலை செய்யவில்லை என்று அடியில் கூட்டுத்தொகை போடும் கணக்கு இது. இந்தத் தரவு பொய் என்று நான் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்கிறது. கேள்வியை யார், எதை வேலை என்று நினைத்துக்கொண்டு கேட்டார் என்று பார்க்காமல் அந்தப் பதிலை எடுத்தால் நாம்தான் பொய் சொல்கிறோம்.

ஆனால் அரசுத் தரவை இப்படித் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும் எங்கள் தரப்பில் ஒரு சோம்பல். இந்தியப் பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடி, நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ற ஒன்றைக் கொண்டுவர வைத்தார்கள். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நடந்தது. 2019இல் நாடு முழுவதும் நடந்தது, 2024இல் மீண்டும் நடந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒருநாளின் 24 மணி நேரத்தில் என்ன செய்தார் என்று அரை மணி நேரத் துண்டுகளாகக் கேட்டு எழுதும் கணக்கு.

மாணவி கேள்வி கேட்ட அந்த வாரத்தில், இருவரும் 2019 அறிக்கையைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. மூன்று மடங்கு. நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அட்டவணையின் தலைப்பை அவள்தான் மெதுவாகப் படித்தாள். அந்தச் சராசரி, அன்று வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களுக்கு மட்டுமானது. பெண்களில் அப்படி ஈடுபட்டவர்கள் 81.2 விழுக்காடு. ஆண்களில் 26.1 விழுக்காடு. ஒரு துரும்பையும் அசைக்காத நான்கில் மூன்று ஆண்கள் அந்த 97 நிமிடக் கணக்குக்குள்ளேயே இல்லை.

"அப்ப எல்லாரையும் சேத்தா?" என்றாள். கைப்பேசியில் பெருக்கினோம். பெண்களுக்கு ஏறத்தாழ 243 நிமிடம். ஆண்களுக்கு 25. மூன்று மடங்கு என்று நினைத்தது பத்து மடங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த மாலை எனக்கு மறக்கவில்லை. மூலத்தைத் தேடிப் போனால் நம் வாதம் பலவீனப்பட்டுவிடுமோ என்ற பயம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த மூன்றில் இரண்டு பங்கை இத்தனை ஆண்டுகள் கேள்வி கேட்காமல் வைத்திருக்க மாட்டேன். உண்மை எங்களுக்கு எதிராக இருக்கவில்லை. யாரும் மறுக்க முடியாத, அரசே எடுத்த கணக்கு எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது, நான் ஓர் அனுமானத்தைத் திரையில் காட்டி வகுப்பை அமைதியாக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதன் மூலத்தைக் கேட்டிருந்தால், அந்த ஒரு வரியோடு சேர்த்து மொத்தப் பாடத்தையும் அவர் தள்ளிவிட்டிருக்கலாம்.

இந்தக் கணக்கெடுப்புக்கும் எல்லை உண்டு. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, பீடி சுற்றுகிறவளின் அரை மணி நேரம் எந்தத் தலைப்பில் போகும்? ஒரே நேரத்தில் செய்யும் வேலைகளில் முதன்மையானது எது என்று அவள் சொல்லவேண்டும். காசு வருவதைத்தான் அவள் சொல்வாள். மற்ற இரண்டும் வேலை என்று அவளுக்கே யாரும் சொன்னதில்லை. இந்த இடத்தில்தான் மறுபடி அம்மாவிடம் போகவேண்டியிருக்கிறது.

பீடித் தொழிலில் ஓர் எழுத்துச் சான்று இருக்கிறது. பாஸ் புத்தகம். கடையில் எவ்வளவு இலையும் தூளும் கொடுத்தார்கள், எத்தனை கட்டு வாங்கினார்கள், எவ்வளவு கழித்தார்கள், கூலி எவ்வளவு என்று அதில் இருக்கும். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. அதனால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு. வரலாற்று மாணவியின் மொழியில் சொன்னால் முதன்மைச் சான்று. என் மாணவி தன் வீட்டுப் புத்தகத்தையே சான்றாகக் கொண்டுவந்திருந்தாள். ஒரே கையெழுத்தில், ஒரே பெயரில், நாள் தவறாமல் வரவு.

அதன்படி ஒரே ஒரு பெண் அந்த வீட்டில் வேலை செய்கிறாள். உண்மையில் பாட்டி இலையை நனைத்து வெட்டித் தருவாள். அம்மா சுற்றுவாள். என் மாணவியும் அவள் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தலையை மடக்கிக் கட்டுக் கட்டுவார்கள். நான்கு பேரின் உழைப்பு ஒரு பெயரில் போகிறது. அச்சிட்ட புத்தகம் மறைத்ததை அம்மா பேச்சில் சொன்னாள். அம்மா இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

அதே சமயம் அம்மா சொன்னதெல்லாம் அப்படியே நின்றதா என்றால், இல்லை. மூத்தவள் பெரியவளான வருடத்தில்தான் கழிவு அதிகமாக எடுக்க ஆரம்பித்தார்கள் என்று உறுதியாகச் சொல்லியிருந்தாள். பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோது அதற்கு இரண்டு வருடம் முன்பே கழிவு ஏறியிருந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. சடங்குச் செலவுக்குக் கடன் வாங்கிய வருடத்தில்தான் கழிவு அவளைக் கடித்திருக்கிறது. புத்தகம் தேதியைச் சரியாகச் சொன்னது, அம்மா வலியைச் சரியாகச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், கழிவும் கடனும் சேர்ந்து ஒரு குடும்பத்தை எப்படி இறுக்கின என்ற பத்தியை அவளால் எழுத முடிந்தது. அந்தக் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி அது. புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பெண்களின் அனுபவம் என்றாலே அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நம்மில் சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. அனுபவம் தானாகவே சான்றாகிவிடுவதில்லை, அது எப்படி உருவானது என்பதையும் விளக்கவேண்டும் என்று வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1991இலேயே வாதிட்டார். வாய்மொழியைச் சான்றாக்க உழைப்பு வேண்டும். மும்பையில் 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், நம் அம்பை என்கிற சி. எஸ். லட்சுமி ஆகியோர் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் அந்த உழைப்பைத்தான் செய்துவருகிறது. பெண்களின் குரலையும் படத்தையும் பதிவுசெய்து, யார், எங்கே, எப்போது பேசினார் என்ற விவரத்தோடு அடுத்து வருபவர் கேட்கும்படி வைப்பது. அம்மா சொன்னாள் என்ற இரண்டு சொல்லுக்கும் இப்படிப்பட்ட பதிவுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை என் மாணவிக்கு நான் கற்றுத் தந்திருக்கவேண்டும். அவள் தேதி எழுதவில்லை. பேச்சைப் பதிவு செய்யவில்லை, நினைவிலிருந்து எழுதினாள். பேசியவள் தன் அம்மா என்பதால் எதைக் கேட்கத் தயங்கினாள் என்று ஒரு வரிகூட இல்லை. புறத்தேர்வாளரின் கேள்வி தவறான இடத்திலிருந்து வந்தது. ஆனால் அதற்குச் சரியான பதில் எங்கள் கையில் தயாராக இல்லை. அந்தக் குறை அவளுடையது அன்று, என்னுடையது.

ஐந்து கேள்விப் பட்டியலில் இல்லாத ஆறாவது கேள்வி ஒன்றையும் அந்த அம்மாதான் எனக்குக் காட்டினாள். வரைவை மகள் படித்துக் காட்டியபோது, ஒரு கார்டில் நான்கு பேர் வேலை செய்யும் பகுதி வந்ததும் தடுத்திருக்கிறாள்.

"ஏட்டி, அத மட்டும் எழுதிராத. கார்டு போயிரும்."

அந்தக் கார்டில்தான் வைப்பு நிதி இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை அந்தக் கார்டில்தான் வந்தது. என் மாணவி கல்லூரிப் படி ஏறியதே அந்தப் பணத்தில்தான். ஆய்வின் மையமான உண்மையைச் சொன்னால் சான்று சொன்னவளின் பிழைப்பு போகும். ஊர்ப் பெயரை எடுத்தோம். 11 பேரின் பெயரையும் எடுத்தோம். அம்மா என்று தெரியாதபடி அம்மாவை இன்னொருத்தியாக்கினோம். ஊரையும் பெயரையும் எடுக்க எடுக்கக் கட்டுரையின் நம்பகத்தன்மை தேர்வாளரின் கண்ணில் குறைந்துகொண்டே போனது. கடைசி நேரத்தில் அவளே மனம் மாறி, நன்றியுரையிலும் ஓர் அத்தியாயத்திலும் அம்மா, பாட்டி என்ற சொற்களைத் திரும்பச் சேர்த்தாள், ஊரின் பெயர் மட்டும் வராமல். "யாரோ ஒருத்தின்னு எழுத எனக்கு மனசு வரல மேம்." அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்தச் சான்றை நம்பலாமா என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம். இந்தச் சான்றை நான் பயன்படுத்தினால் சொன்னவளுக்கு என்ன ஆகும் என்று கேட்க எந்த நூலகப் பட்டியலும் கற்றுக்கொடுப்பதில்லை. ஐ.நா. அறிக்கையை மேற்கோள் காட்டினால் ஐ.நா.வுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது வகுப்பில் அந்த ஐந்து கேள்விகளைத் தூக்கி எறியவில்லை. வேறு மாதிரி கேட்கிறேன். அதிகாரம் என்ற இடத்தில், இவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கச் சொல்கிறேன். பேராசிரியரையும் கேட்கலாம், இலை நனைப்பவளையும் கேட்கலாம். பாட்டிக்கு இலை ஈரம் தெரியும், ஏற்றுமதிக் கணக்கு தெரியாது. துல்லியம் என்ற இடத்தில், இந்த எண்ணை முதன்முதலில் எண்ணியது யார், எதை எண்ணினார், எதை விட்டார் என்று பின்னோக்கிப் போகச் சொல்கிறேன். மாணவிகள் இப்போது கேள்வியை எந்திரத்திடம் கேட்டு வாங்கி வருகிறார்கள். போன பருவத்தில் ஒருத்தி அதே மூன்றில் இரண்டு பங்கை, ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாவற்றோடும் கொண்டுவந்தாள். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தேடி, அது இல்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றமல்ல, கோபம். நல்ல ஆய்வாளராக வருவாள்.

முதல் வகுப்பின் முதல் படத்தை மாற்றிவிட்டேன். இப்போது அதில் 243, 25 என்ற இரண்டு எண்களும், அவற்றை எப்படிப் பெருக்கினோம் என்ற கணக்கும், எந்த ஆண்டின் எந்த அட்டவணை என்பதும் இருக்கின்றன. வகுப்பு முன்போல அமைதியாவதில்லை. கணக்கு சரியா என்று கைப்பேசியை எடுத்துப் பெருக்கிப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா எந்த வகையில் வருவார் என்று சத்தமாகச் சண்டை போடுகிறார்கள்.

பழைய படத்தைப் பார்த்துவிட்டுப் போன மாணவிகளை என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்தது. முன்னாள் மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திருத்தம் எழுதிப் போட்டேன். நான் சொல்லித்தந்த அந்த எண் ஒரு பழைய மதிப்பீடு, இனி அதைப் பயன்படுத்த வேண்டாம், பதிலாக இதோ. கைகூப்பும் படங்கள் சில வந்தன. இரவில் ஒருத்தி தனியாக அழைத்தாள். பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள்.

"மேம், நான் அத ஸ்கூல் சுவத்துல பெயின்ட்ல எழுதிப் போட்டிருக்கேனே."

அடுத்த வாரமே வெள்ளையடித்துவிட்டதாகப் படம் அனுப்பினாள். புதிதாக எழுதவிருக்கும் எண்ணுக்குக் கீழே மூலத்தையும் எழுத இடம் விட்டிருக்கிறாளாம்.